இறந்தவருக்கு முதல் இடம்

பாலசுந்தரத்தின் கண்கள் போய்க்கொண்டிருந்தன. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவதில் தவறில்லை. அவர்தான் யாரிடமும் சொல்லவில்லை.

சிம்மக்கல்லில், வைகைப் பக்கம் இறங்குகிற சந்து ஒன்றில் முகம்மது கனியின் டிசைன் கடை இருந்தது. அங்கே கணினி முன் உட்கார்ந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயாரிப்பது பாலசுந்தரத்தின் வேலை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் பக்கத்துக் கடைகளுக்குப் போகும். கனியின் கடை சாவுக்கென்றே பேர் வாங்கியது. மதுரையில் ஒருவர் இறந்துவிட்டார் என்று மருத்துவர் சொன்னால் மட்டும் போதாது, சுவரும் சொல்ல வேண்டும். சுவர் சொல்வதைப் பாலசுந்தரம்தான் பல வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் பணிவானவர் என்று யாரும் குற்றம் சாட்டியதில்லை. வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ், திட்டுவதற்கு இரண்டும். அடுத்த கடைக்காரர் ‘அஞ்சலி’யில் எழுத்துப் பிழை விட்டால் சாலையைக் கடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார். கடையில் ஒரு பொருளை ‘எங்கே’ என்று அவர் கேட்டதே இல்லை. “எங்கன்னு கேக்குறவன் வேலை தெரியாதவன். கத்திரிக்கோல் கத்திரிக்கோல் இடத்துல இருக்கணும்” என்பார். கேட்டவர்கள் அதை ஒழுங்கு என்று நினைத்தார்கள். உண்மையும் அதுதான், ஆனால் பாதி உண்மை. கத்திரிக்கோல் இடம் மாறினால் அவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சர்க்கரை நோய் கண்ணுக்குப் போயிருந்தது. எதிரே நிற்பவரின் தோள் தெரியும், காது தெரியும், பின்னால் உள்ள சுவர்கூடத் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஈரத் துணியால் தேய்த்தது போல ஒரு திட்டு. கண்ணுக்கு வைத்தியம் பார்க்க எந்தெந்த மூலையிலிருந்தோ ரயில் ஏறி மதுரைக்கு வருகிறார்கள். பாலசுந்தரம் மதுரையிலேயே இருந்ததால் போகவில்லை. ஒருமுறை போனார். மாதாமாதம் வந்து ஊசி போட்டுக்கொண்டால் இருக்கிற பார்வையாவது நிற்கும் என்றார் டாக்டர். வெளியே வந்தால், காத்திருக்கிற வரிசையில் தெரிந்த குரல் ஒன்று, கடையின் போஸ்டர்களை அச்சடிக்கிற கப்பலூர் அச்சகத்துக்காரருடையது. ‘ஆபரேட்டருக்குக் கண் தெரியவில்லை’ என்கிற செய்தி தனக்கு முன்னால் சிம்மக்கல் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கண்ணைக் காட்டினால் வேலை போய்விடும். வேலையைக் காப்பாற்றக் கண்ணை விட்டுக்கொடுத்தார்.

முகம் தெரியாத மனிதர் முகம் போட்ட போஸ்டர்களைச் செய்வது எப்படி என்று கேட்கலாம். பழக்கம்தான். ஒருவர் இறந்தால், அதற்கு முன்னால் இறந்தவரின் போஸ்டரைத் திறந்து, பேரையும் படத்தையும் மாற்றுவார்கள். நடுவே தீபச்சுடருக்குக் கீழே பெரிய கட்டம் இறந்தவருக்கு. அடியில் சிறு கட்டங்கள் துக்கப்படுகிறவர்களுக்கு. கட்டங்கள் நகர்வதில்லை, ஆட்கள்தான் மாறுகிறார்கள். வாடிக்கையாளர்கள் போனில் அனுப்புகிற படங்களைக் கடையில் வேலை பார்க்கும் சத்யப்ரியா கணினியில் இறக்கி எண் கொடுத்து வைப்பாள். ஒன்று இறந்தவர், அடுத்தது மூத்த மகன், அப்படியே வயதுப்படி இறங்கிக் கடைசியில் பேரப்பிள்ளைகள். இது பாலசுந்தரம் போட்ட சட்டம்.

“செத்தவருக்குத்தான் பிள்ள முதல் மரியாதை. ஒண்ணாம் நம்பர் அவருக்கு. மறந்துறாத.”

“மறக்க மாட்டேன் சார். உயிரோட இருக்கைல ஒருத்தனும் குடுத்திருக்க மாட்டான், நாமளாவது குடுப்போம்” என்பாள் சத்யப்ரியா.

பேர்களை அவள் வாசிக்க, அவர் தட்டச்சு செய்வார். “மத்தவங்க கையெழுத்தைப் பாத்தா எனக்குக் கோவம் வரும், நீ படி” என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். தட்டச்சு படித்த விரல்களுக்குக் கண் தேவையில்லை. படங்களை வைக்கும்போது பட்டியலைத் திறப்பார். முதல் படம் பெரிய கட்டத்துக்கு. பிறகு கீழ் அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டி அடுத்தடுத்த கட்டங்களுக்கு. மவுஸைக்கூட எங்கே எத்தனை விரற்கடை நகர்த்த வேண்டும் என்று கை அறியும். கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு பிரகாரம் சுற்றுகிற மாதிரி அந்தத் திரையில் அவர் நடமாடினார். தப்பு வந்ததே இல்லை. சத்யப்ரியா ஒருமுறை, “அனுப்புறதுக்கு முன்னால நான் ஒரு பார்வை பாக்கவா சார்?” என்றாள். “நான் என்ன பரிட்சையா எழுதியிருக்கேன், நீ திருத்த?” என்றார். அவள் கெட்டிக்காரி. அதற்கு மேல் கேட்கவில்லை. கத்திரிக்கோலை மட்டும் தினமும் அதன் இடத்தில் வைத்தாள்.

கனி ஒரு நாள் பேச்சை எடுத்தார்.

“பாலண்ணே, இந்த விண்டோஸ் பத்துக்கு இனிமே கம்பெனிக்காரன் அப்டேட் குடுக்க மாட்டானாம். கார்த்திகேஷ் சொல்றான். பதினொண்ணு போட்ருவமா?”

“ஓடுற வண்டியை எதுக்கு பாய் பிரிக்கணும்?”

“எவனாச்சும் உள்ள பூந்து ஃபைலெல்லாம் பூட்டிட்டுப் போயிட்டான்னா? அம்புட்டு பேரோட போட்டோவும் அதுலதான் கெடக்கு.”

“ஆடி பொறந்துருச்சு பாய். ஆடியில புதுசா எதையும் தொடக் கூடாது.”

கனி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களை வருஷக்கணக்காகக் கிண்டல் செய்த வாய் அது. ராகுகாலத்தில் போஸ்டர் அடிக்க வேண்டாம் என்று கேட்ட ஒருவரிடம், “உங்க அப்பா என்ன நல்ல நேரம் பாத்தா செத்தாரு?” என்று கேட்டது அந்த வாய்தான். ஆனாலும் கனி விட்டுக்கொடுத்தார். ஆடி போனது, புரட்டாசி ஆகாது என்றார் பாலசுந்தரம். ஐப்பசியில் தீபாவளி முடியட்டும் என்றார்.

“உங்க மாசமெல்லாம் முடியறதுக்குள்ள எங்க ரமலான் வந்துரும் போலயே அண்ணே” என்றார் கனி. கார்த்திகையில் ஒரு நாள், கேட்காமலே ஆளை வரச் சொல்லிவிட்டார்.

கார்த்திகேஷ் கணினி பழுதுபார்க்கிறவன், பாலசுந்தரத்தின் தெருக்காரன், நல்லவன். நல்லவர்கள் செய்கிற கெடுதலுக்கு மருந்து கிடையாது. ஒரு பென்டிரைவைச் செருகினான். திரை கறுத்து, ஒரு எண் நூறை நோக்கி மெதுவாக ஏறத் தொடங்கியது. பாலசுந்தரம் வாடிக்கையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வீட்டைக் காலி பண்ணும்போது சாமான்கள் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற குடித்தனக்காரரைப் போல இருந்தார். வீடு என்னவோ கனியுடையதுதான்.

“ஒரு ஃபைலும் போகலண்ணே, அப்படியே இருக்கு” என்றான் கார்த்திகேஷ். அது உண்மை. எல்லாம் இருந்தன, எதுவும் இருந்த இடத்தில் இல்லை. இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்துவிட்டது. மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் மேலிருந்து எண்ணி எடுக்கிற வரிகளில் பாதி போய், அவை குட்டிக் குட்டிப் படங்களாகிவிட்டன. எழுத்து பளிச்சென்று தெரியட்டும் என்று அவன் திரை அளவையும் மாற்றிவிட்டான். ஐகான்கள் எல்லாம் வேறு வரிசையில் போய் நின்றன. பாலசுந்தரத்துக்கு அது பழைய தெருவில் எல்லா வீட்டு வாசலையும் இரவோடு இரவாக எதிர்ப்பக்கம் மாற்றி வைத்த மாதிரி.

“ஸ்டார்ட்ட பழையபடி இடது பக்கமே வச்சுத் தரவாண்ணே? ஒரு செகண்ட் வேலை.”

ஒரு தலையசைப்பு போதும். அதைச் செய்திருந்தால், இன்னும் என்னென்ன பழையபடி வேண்டும் என்று அவன் கேட்டிருப்பான், அவரும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார், கனி கேட்டுக்கொண்டிருப்பார்.

“எதுக்கு? என்னைய என்ன கெழவன்னு நெனச்சியா? நடுவுலயே கெடக்கட்டும்” என்றார் பாலசுந்தரம்.

முதல் சில நாட்கள் அவர் சமாளித்தார். “நீயும் புதுசைக் கத்துக்க பிள்ள” என்று சத்யப்ரியா கையில் மவுஸைக் கொடுத்துவிட்டுத் தான் பின்னால் நின்று அதிகாரம் செய்தார். அவளும் கற்றுக்கொள்கிற மாதிரி நடித்தாள். அப்படியே போயிருந்தால் அவர் ஓய்வு பெறும் வரைக்கும்கூட ஓடியிருக்கும். அவளுடைய அக்காவுக்குத் திருமங்கலத்தில் வளைகாப்பு வந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. நாகமலை புதுக்கோட்டையில் பேயாண்டி என்கிற பெரியவர் இறந்திருந்தார், வயது எழுபத்தெட்டு. குடும்பம் படங்களை அனுப்பியது. சத்யப்ரியா வரிசைப்படி எண் போட்டு இறக்கினாள், பேர்களை வாசித்தாள், அவர் தட்டச்சு செய்தார்.

“படம் மட்டுந்தான் சார் வைக்கணும். வச்சுட்டுப் போகட்டா?”

“பஸ்ஸை விட்டுறாத, கெளம்பு. இது எனக்கு ஒரு வேலையா?”

அவள் வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு போய்விட்டாள். கனி ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். பாலசுந்தரம் படப் பட்டியலைத் திறந்தார். முதல் படத்தைப் பெரிய கட்டத்தில் வைத்தார். கீழ் அம்புக்குறி, அடுத்த கட்டம். கீழ் அம்புக்குறி, அடுத்த கட்டம். கை தடுமாறவில்லை. பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

கார்த்திகேஷ் எல்லாவற்றையும் புதிதாக அமைத்தபோது, அந்தப் பட்டியல் எண் வரிசையை விட்டுக் கடைசியாக வந்தது முதலில் என்கிற வரிசைக்கு மாறியிருந்தது. கடைசியாக இறங்கியது கடைசிப் பேத்தியின் படம். அவள் பேர் நாகஜோதி, இரண்டாம் வகுப்பு. தீபச்சுடருக்குக் கீழே, பெரிய கட்டத்தில், பள்ளிச் சீருடையில் முன்பல் இல்லாமல் சிரித்தாள். அடியில் எல்லாம் தலைகீழ். மகன்களின் இடத்தில் பேரன்கள், பேரன்களின் இடத்தில் மகன்கள். வலது ஓரத்துக் கடைசிக் கட்டத்தில், ‘பேத்தி’ என்கிற எழுத்துக்கு மேலே, மீசையை முறுக்கிவிட்ட பேயாண்டி. பேர்களில் ஒரு பிழை கிடையாது.

பார்க்கச் சொல்லிக் குடும்பத்துக்கு அனுப்பினார். ஒருவரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. போன் சுடுகாட்டில் கை மாறிக் கை மாறிப் போயிற்று. சாவு வீட்டு போஸ்டரில் இந்த ஊர்க்காரர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: தன் பேர் இருக்கிறதா, யாருக்கு மேலே இருக்கிறது. சற்று நேரத்தில் மூத்த மகன் கூப்பிட்டார்.

“அண்ணே, சின்ன மாப்ள பேரு மூணாவதா வந்திருக்கு. ரெண்டாவதா போடுங்க. இல்லன்னா இங்கனயே வெட்டுக்குத்து ஆயிரும்.”

“மத்ததெல்லாம் சரியா?”

“மத்ததெல்லாம் ஓகேண்ணே, பிரிண்ட்டுக்கு விட்ருங்க.”

மாப்பிள்ளையின் மானம் காப்பாற்றப்பட்டது. ஃபைல் கப்பலூர் அச்சகத்துக்குப் போனது. அச்சடிப்பவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், ஒட்டுகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். விடிவதற்குள் காளவாசலிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் நாகஜோதி இறந்துபோயிருந்தாள்.

சனிக்கிழமையும் பள்ளி இருந்தது. அவளுடைய பள்ளி வேன் டிரைவர் நல்ல மனிதர். பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச் சுவரில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினார். எழுத்தைப் படிக்க அவருக்கு மனம் இல்லை. பூக்கடையில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு வந்து, கண்ணைத் துடைத்தபடி அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது நாகஜோதி.

“அம்மா, வேன் மாமா மாலை கொண்டாந்திருக்காரு. எனக்காம்” என்று அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள்.

அவளுடைய அம்மா பாண்டிமீனா கடைக்கு வந்தபோது சத்யப்ரியாவும் கனியும் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள். பாலசுந்தரம் தன் நாற்காலியில் இருந்தார். பாண்டிமீனாவின் கையில் சுவரிலிருந்து உரித்த போஸ்டர். பின்னால் பசை இன்னும் காயவில்லை. கனி அதைப் பார்த்ததும், “யா அல்லா” என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சத்யப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாருய்யா இதச் செஞ்சது?”

கேள்வியைப் பாலசுந்தரம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை பேர் விவகாரமாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

“நான்தாம்மா. உங்க வீட்டுல பாத்து ஓகே சொன்னப்பறந்தான் அடிச்சது. ஒரு எழுத்து தப்பிருந்தாச் சொல்லுங்க.”

“எழுத்தா? எழுத்தா கேக்குறேன் நான்?” பாண்டிமீனா போஸ்டரை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். “இந்தா, நல்லாப் பாரு. பாத்துச் சொல்லு. இது யாரு?”

சத்யப்ரியா, “சார்...” என்று ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார். நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய கட்டம் இருக்கிற இடத்தைச் சரியாகப் பார்த்து, சாவு வீட்டுக்காரர்களிடம் பேசுகிற மரியாதைக் குரலில் சொன்னார்:

“பெரியவர் பேயாண்டி. எழுபத்தெட்டு வயசு.”

சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஆமாம் என்று ஒரு குரலும் வராததில் பாலசுந்தரம் ஏதோ புரிந்து, கையை நீட்டிக் காகிதத்தைத் தொட்டார். காகிதம் எதையும் சொல்லவில்லை.

அடிக்கிற வேகத்தில் வந்த பாண்டிமீனா, போஸ்டரைக் கீழே இறக்கினாள். கெட்ட வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தாள். அவற்றைப் போட இடம் இல்லாமல் போய்விட்டது.

“என் மக அது” என்றாள். “உயிரோட இருக்கா.”

“அண்ணே,” என்றார் கனி, “எம்புட்டு நாளா?”

பாலசுந்தரம் கேள்வி தன்னிடம் இல்லை என்பது போலத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். திரை அணைந்திருந்தது, அவருக்கு அது தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

கார்த்திகேஷைக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா? இதுல ‘நேம்’னு இருக்குல்ல, அத ஒரு அமுக்கு” என்று அமுக்கிக் காட்டினான். பட்டியல் பழையபடி திரும்பியது. பேயாண்டி முதலில் வந்து நின்றார். “சொல்லியிருந்தா அன்னைக்கே செஞ்சிருப்பேனேண்ணே” என்றான். நியாயமான வருத்தம்.

“சத்யா, நீ உக்காரு” என்றார் கனி.

அவள் தயங்கினாள். பாலசுந்தரம் தானாகவே எழுந்துகொண்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, “ஒண்ணாம் நம்பர் பெரிய கட்டத்துக்கு” என்றார்.

“தெரியும் சார்” என்றாள் சத்யப்ரியா. அழுதுகொண்டே வைத்தாள்.

வாசலில் கனி மெதுவாகத்தான் சொன்னார். “பாலண்ணே, வீட்டுல ரெஸ்ட் எடுங்க. சூடாமணி அக்காட்ட நான் வந்து பேசுறேன். நாளைக்கி வர வேணாம்.” இத்தனை நாள் எந்த வார்த்தைக்குப் பயந்து அவர் ஆடியையும் புரட்டாசியையும் துணைக்குக் கூப்பிட்டாரோ, அந்த வார்த்தை இவ்வளவுதான். மனைவி பேரோடு சேர்த்துச் சொன்னதால் இன்னும் மரியாதையாக இருந்தது.

“புதுப் போஸ்டர் எப்ப வேணா வரட்டும்” என்றாள் பாண்டிமீனா. “பொழுது சாயறதுக்குள்ள என் பிள்ள மொகம் ஒரு சுவத்துல இருக்கக் கூடாது. ஒண்ணுல கூட.”

“ஆள் அனுப்புறேம்மா” என்றார் கனி.

“நானும் வாரேன்” என்றார் பாலசுந்தரம்.

கனி வேண்டாமென்றார். பாண்டிமீனா ஒன்றும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் லோடு ஆட்டோவில் ஏறினார். ஏறும்போது படியைக் காலால் தேடினார். இனிமேல் ஒளிக்க எதுவும் இல்லை.

காளவாசலிலிருந்து தொடங்கினார்கள். ஒட்டுகிற ஆட்கள் உயரத்தில் இருந்தவற்றைச் சுரண்டினார்கள். பாலசுந்தரம் சுவர் ஓரமாகவே உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டு போனார். புதிதாக ஒட்டிய காகிதம் ஈரமாக இருக்கும். ஈரம் பட்ட இடத்தில் நகத்தை விட்டுக் கிழித்தார். தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் சுவரில் ஒட்டிய போஸ்டரை அவர் தொட்டது அன்றுதான். நிழல் சுவர்களில் அந்த வித்தை பலித்தது. வெயில் சுவர்களில் பசை காய்ந்துவிட்டது. எல்லாக் காகிதமும் ஒரே காகிதமாகிவிட்டது. யாரோ ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாளைப் பாதி கிழித்துவிட்டார். ஒரு டியூஷன் சென்டரைக் கிழித்தார்.

“அது இல்ல” என்றாள் பாண்டிமீனா, பின்னாலிருந்து. சற்றுத் தள்ளிப் போய், “அதுவும் இல்ல.”

பல்கலைக்கழகத்துச் சுவருக்கு வந்தபோது மாலையாகிவிட்டது. அவர் நகக்கண்களில் பசையும் சுண்ணாம்பும் அடைந்திருந்தன. ஒரு விரலில் ரத்தம். பஸ்ஸுக்கு நின்ற மாணவர்கள் இரண்டு பேர் இதைப் போனில் எடுத்தார்கள். பாலசுந்தரத்துக்கு அது தெரியாது. பாண்டிமீனாவுக்குத் தெரிந்தது, அவள் தடுக்கவில்லை.

“முடிஞ்சதாம்மா?”

“இல்ல. இன்னும் ஒண்ணு இருக்கு. அதுலதான் நல்லாச் சிரிக்கிறா.”

பாலசுந்தரம் சுவரைப் பார்த்தார். பிறகு அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“எங்க?” என்று கேட்டார்.

பல்கலைக்கழக பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்து, குழந்தையின் கையைப் பிடிப்பது போல அல்ல, திருடனின் கையைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்து, சுவருக்குக் கொண்டுபோய் வைத்தாள்.